ஸ்பீக்கரில் அழுத அம்மா

டெய்லர் அங்கப்பன் டேப்பை விரித்துக்கொண்டு குனிந்தபோது ஜெஃபின் இரண்டு எட்டு பின்னால் போய் நின்றுகொண்டான். ஆறாம் வகுப்புக்குப் போகிற பையன். அரை டிராயர் காலம் முடிந்து இதுதான் முதல் முழுப் பேண்ட். துணி எடுத்தாயிற்று, தையல் கூலியும் பேசியாயிற்று. கால் பக்கம் மூன்று இஞ்சு உள்ளே மடித்துத் தைத்துவிடுங்கள், வளர்கிற பையன் என்று ஜெனிதா சொல்லியும் ஆயிற்று. ஜூன் மாதத்தில் பீளமேட்டில் எந்தத் தையல் கடை வாசலில் நின்றாலும் இந்த வார்த்தை காதில் விழும். மூன்று இஞ்சு மடித்தால் ஒரு பேண்ட் இரண்டு வருடம் ஓடும்.

"எனக்குப் பேண்ட் வேண்டாம்மா. தேவைப்படாது" என்றான் ஜெஃபின்.

ஜெனிதாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பெரிய கடையில் ரெடிமேட் பேண்டைக் கண்டுவிட்டான், அதற்குத்தான் இந்த அடம் என்று நினைத்தாள். அங்கப்பன் எதிரில் பல்லைக் கடித்துக்கொண்டு, நாளைக்குக் கூட்டிவருகிறேன் என்று சொல்லிவிட்டு, வீடு வரைக்கும் பையனைத் திட்டிக்கொண்டே வந்தாள். அவன் வாயைத் திறக்கவில்லை. வழக்கமாக ஒன்று சொன்னால் ஒன்பது பேசுகிறவன்.

தெருமுனையில் பக்கத்து வீட்டுப் பையன் ஒரு கிரிக்கெட் மட்டையோடு நின்றான். அது ஜெஃபினுடைய மட்டை. போன கிறிஸ்துமஸுக்கு அவன் அப்பா பிரகாசம் வாங்கிக் கொடுத்தது. கேட்டால், ஜெஃபினே கூப்பிட்டுக் கொடுத்ததாகச் சொன்னான் அந்தப் பையன். வீட்டுக்குள் வந்து மாத்திரை டப்பாவை எடுக்கப் போன ஜெனிதாவின் கண்ணில் சுவரில் தொங்கிய கோயில் காலண்டர் பட்டது. இருபத்து மூன்றாம் தேதியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒவ்வொரு நாளும் சின்னதாகப் புள்ளி வைத்து அடித்திருந்தது.

அன்றைக்கு என்ன என்று கேட்டாள். பதினைந்தாவது நாள் என்றான். எதற்குப் பதினைந்து?

"நீங்கதானம்மா சொன்னீங்க, ஸ்பீக்கர்ல. எம்பையனுக்கு இன்னும் பதினஞ்சு நாள்தான் இருக்குன்னு."

ஜெனிதா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பையன்தான் மெதுவாக, அவளுக்குச் சமாதானம் சொல்கிற மாதிரி, நடந்ததைச் சொன்னான். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருதயம்மாள் ஆன்ட்டி அவனையும் தன் அக்கா பிள்ளைகளையும் உக்கடம் குளக்கரைக்குக் கூட்டிப்போனாள் அல்லவா, அங்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வேன் நின்றதாம். வேன் முழுக்க அவன் போட்டோவாம். மேலே இருந்த ஸ்பீக்கரில் அம்மா அழுதுகொண்டே பேசினாளாம். ஆன்ட்டி அவன் காதைப் பொத்திக்கொண்டு வேகமாகக் கூட்டிவந்துவிட்டாளாம்.

"எனக்குத் தெரியக்கூடாதுன்னுதான சொல்லாம வெச்சிருந்தீங்க? நானும் யார்கிட்டயும் சொல்லலைம்மா" என்றான்.

அது பழைய வீடியோ, பொய், நீ நன்றாக இருக்கிறாய், போன மாதம்கூட டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்றாரே என்று ஜெனிதா மளமளவென்று சொன்னாள். ஜெஃபின் தலையாட்டினான். அந்தத் தலையாட்டல் அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் ஊசி போட வருகிற நர்சுகளுக்கெல்லாம் அவன் ஆட்டிய தலை அது. இரண்டு வருடத்துக்கு முன்னால், உண்மையாகவே அவன் செத்துக்கொண்டிருந்தபோது, "ஒண்ணுமில்ல கண்ணு, சரியாயிரும்" என்று அவனிடம் சொல்லிவிட்டு, வராந்தாவில் போய் நின்று ஊர் உலகத்துக்கெல்லாம் பதினைந்து நாள் என்று சொன்னவள் அவள்தானே. அவளுடைய இரண்டு பேச்சில் எது நிஜம் என்று பையன் அப்போதே கற்றுக்கொண்டுவிட்டான். வீட்டில் பேசுகிற அம்மா சும்மா சொல்வாள், வெளியே அழுகிற அம்மாதான் நிஜம் சொல்வாள்.

அந்த வீடியோ எடுத்த கதை இது. ஒன்பது வயதில் ஜெஃபினுக்குக் கல்லீரல் கெட்டுப்போனது. கண் மஞ்சளாகி வயிறு உப்பி, மாற்றுக் கல்லீரல் வைத்தால்தான் பிழைப்பான் என்றார்கள். கல்லீரலுக்குச் செலவில்லை, ஜெனிதாவே தன்னுடையதில் பாதியை வெட்டித் தரத் தயாராக இருந்தாள். வெட்டி ஒட்டுவதற்குப் பதினெட்டு லட்சம். இணையத்தில் நிதி திரட்டித் தருகிற கம்பெனி ஒன்று இருக்கிறது, நான் ஏற்பாடு செய்து தருகிறேன் என்று ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றவர்தான் நரசிம்மலு. சின்னதாக ஒரு டிரஸ்ட் வைத்திருந்தார். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு போன், வாய்க்கு வாய் அம்மணி. அன்றைக்கு அவர் பைசா வாங்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர்தான் வராந்தாவில் அவளை நிறுத்தி போனில் படம் எடுத்தார். முதல் தடவை பேசியபோது அவளுக்கு அழுகை வரவில்லை. மூன்று வாரம் அழுது தீர்ந்து, கடைக்குச் சாமான் சீட்டு சொல்கிற மாதிரி சொல்லி முடித்தாள். நரசிம்மலு போனைத் தாழ்த்திக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு, "இன்னொருக்கா சொல்லீருங்க அம்மணி, கொஞ்சம் மனசு விட்டு" என்றார். இரண்டாம் தடவை அழுதாள். பெற்ற பிள்ளைக்காக அழுவதைக்கூடச் சரியாக அழு என்று ஒருவன் சொல்லிக் கொடுக்கும்படி ஆயிற்றே என்று வந்த அழுகை அது. பார்த்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? பதினோரு நாளில் பணம் சேர்ந்துவிட்டது. யார் யாரோ, எந்த ஊரோ, ஐம்பதும் நூறுமாகப் போட்டார்கள். கடைசியில் அந்த இணையப் பக்கத்தில் 'நிதி திரட்டல் நிறைவடைந்தது, நன்றி' என்று பச்சை எழுத்தில் வந்தது. ஜெனிதா அதைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டாள். இன்றைக்கும் இருக்கிறது.

கேட்பதில் அவளுக்கு வெட்கம் கிடையாது. பையன் பிழைத்தால் மடிப்பிச்சை எடுத்து வேளாங்கண்ணி வருகிறேன் என்று மாதாவுக்கு நேர்ந்திருந்தாள். வயிற்றுத் தையல் ஆறியதும் செருப்பில்லாமல் மூன்று தெரு நடந்து, சேலை முந்தியை ஏந்தி, வீடு வீடாகக் கேட்டாள். தெரிந்தவள், தெரியாதவள், சண்டைக்காரி, எல்லோர் வாசலிலும் நின்றாள். கிடைத்ததைக் கோயிலில் சேர்த்துவிட்டு, கடற்கரையில் போய் நின்று முந்தியை நன்றாக உதறினாள். கேட்டது போதும், கொடுத்தது போதும் என்று அதற்கு அர்த்தம். உதறிய மடியை மறுபடி ஏந்தக்கூடாது.

அப்படி உதறிவிட்டு வந்தவளுடைய குரல்தான் உக்கடத்தில் இன்னும் பிச்சை கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. ஜெனிதா வேலை செய்வது ஒரு பம்ப்செட் கம்பெனியில், மோட்டாருக்குச் செப்புக் கம்பிச் சுருள் சுற்றுகிற வேலை. அவளுக்கு எதிர் மேஜையில் இருதயம்மாள். ஒரே கோயில் பங்கு, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற ஒரே அன்பியம், இருபது வருடப் பழக்கம். மெஷினை ஓட விடுவதற்கு முன்னாலேயே ஜெனிதா கேட்டுவிட்டாள். இருதயம்மாளுக்கு முகம் வெளுத்தது. ஆமாம், வேனைப் பார்த்தேன், ஐந்து மாதமாகவே அங்கே நிற்கிறது என்றாள். அன்பியத்தில் எல்லோருக்கும் தெரியும். பையனுக்கு மறுபடி வந்துவிட்டது போல, பாவம் வெளியே சொல்லிக்கொள்ள முடியாமல் கிடக்கிறாள் என்று பேசிக்கொண்டார்களாம். வாராவாரம் ஜெபமாலையில் ஜெஃபினுக்காகத் தனியாக ஒரு பத்து மணி சொல்லி வந்தார்களாம். ஜெனிதா உள்ளே நுழைந்ததும் சட்டென்று எல்லோரும் வாயை மூடிக்கொள்வதன் காரணம் இப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"நானே அன்னிக்கு இருபது ரூபா போட்டேன் கண்ணு" என்றாள் இருதயம்மாள்.

"என்னைய ஒரு வார்த்தை கேக்கலாமில்லீங்கக்கா?"

"எப்படிக் கண்ணு கேக்கறது? நீயே மறைச்சு வெச்சிருக்கறப்ப நாங்க வாயத் தொறந்து கேட்டா நல்லாவா இருக்கும்?"

இதுதான் இந்த ஊர். வழி கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விடுவார்கள். தண்ணீர் கேட்டால் மோர் கொடுப்பார்கள். ஆனால் அடுத்த வீட்டுத் துன்பத்தைக் கேட்பது மரியாதை இல்லை. ஐந்து மாதம், முப்பது குடும்பம், ஒருவர்கூட ஜெனிதாவின் முகத்தைப் பார்த்து உன் மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அவரவர் பாட்டுக்கு இருபது ரூபாயைப் போட்டுவிட்டு, அவனைச் சாகக் கொடுத்து, நல்லபடியாக ஜெபமும் செய்து வைத்திருந்தார்கள். ஜெனிதா கம்பியை மேஜையில் போட்டாள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு உக்கடம் பஸ் ஏறினாள்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் வேனைப் பார்க்கும் முன்பே குரலைக் கேட்டுவிட்டாள். பின்னால் யாரோ சோகமாகப் புல்லாங்குழல் ஊத, "ஏனுங்க, உங்க கால்ல உழுந்து கேக்கறேனுங்க, என்ற பையனக் காப்பாத்துங்க, டாக்டரு பதினஞ்சு நாள்தான் சொல்லியிருக்காருங்க" என்று அவளே அழுதுகொண்டிருந்தாள். தன் வயிறு தன் கண் முன்னால் திறந்து கிடப்பது போல அவளுக்கு இருந்தது. கை தானாகப் போய்த் தழும்பைப் பிடித்துக்கொண்டது. பாலத்துக்குக் கீழே வேன் நின்றது. மூக்கில் குழாய் சொருகிய, கண் மஞ்சளித்த, ஒன்பது வயது ஜெஃபின் பத்தடி உயரத்துக்கு ஃபிளெக்ஸில் தெரிந்தான். மஞ்சள் டீஷர்ட் போட்ட இரண்டு ஆட்கள் உண்டியல் பெட்டியை வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

நிறுத்தச் சொன்னாள். யாரென்று கேட்டார்கள். ஸ்பீக்கரைக் கையால் காட்டி, அதில் பேசுகிறவள் நான்தான் என்றாள். ஒருவன் போன் அடித்தான். கால் மணி நேரத்தில் நரசிம்மலு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அதே வெள்ளைச் சட்டை. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. டீ சாப்பிடுகிறீர்களா அம்மணி என்று கேட்டுவிட்டு, வேனுக்குள்ளிருந்து ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்துக் காட்டினார். முத்திரைத்தாள். இணையத்தில் வசூல் முடிந்த மறுமாதத் தேதி. பையனின் படத்தையும் தாயாரின் வீடியோவையும் தொடர்ந்து பயன்படுத்தச் சம்மதம் என்று தமிழில் எழுதி, கீழே பிரகாசத்தின் கையெழுத்து.

"மாசம் ஏழாயிரம் தவறாமக் குடுத்துட்டு வாரேனுங்க, தம்பியோட மாத்திரைக்கு. மிச்சம் மத்த கொழந்தைகளுக்குப் போகுது. ஊட்டுக்காரரு உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

அவள் ஃபைலை வாங்கி அந்தக் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அதைப் பார்த்து அவர் இன்னும் கொஞ்சம் குழைந்தார். ஆரம்பத்தில் ஊர் ஊராகச் சுற்றியதாகவும், தை மாதத்திலிருந்துதான் உக்கடத்தில் நிரந்தரமாக நிறுத்தியிருப்பதாகவும் சொன்னார். வேறு தாய்மார்களின் வீடியோவையும் போட்டுப் பார்த்தாராம். கூட்டம் நிற்பதில்லையாம்.

"உங்க அழுகை மாதிரி வராதுங்க அம்மணி" என்றார்.

அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். நல்ல சமையல் என்று சொல்கிற மாதிரி சொன்னார். அங்கேயே ஒரு அறை விட்டிருக்கலாம். விடவில்லையே என்று ஜெனிதா பிற்பாடு பல நாள் வருத்தப்பட்டாள். அந்த நேரத்தில் அவளுக்கு அவரைவிடப் பெரிதாக இன்னொரு ஆள் மண்டைக்குள் நின்றான்.

பிரகாசம் சொந்தமாக ஒரு சின்ன யானை வண்டி வைத்து லோடு அடிக்கிறவன். புதுக் கல்லீரலை உடம்பு ஒதுக்காமல் இருக்க ஜெஃபின் காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் மாத்திரை போட வேண்டும், ஆயுசு முழுக்க. அந்தச் செலவுக்காக வாரம் இரண்டு தாராபுரம் டிரிப் கூடுதலாகப் பிடித்திருக்கிறேன் என்று அவன் சொல்லியிருந்தான். இரண்டு வருடமாக அந்த நாட்களில் ஜெனிதா நாலு மணிக்கு எழுந்து எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்தாள். தூக்கம் கெட்டுப் போகிறானே என்று அவனுக்காக இரக்கப்பட்டாள், திரும்பி வந்தால் காலுக்கு வெந்நீர் வைத்தாள்.

அன்று சாயங்காலம், ஜெஃபின் டியூஷனுக்குப் போயிருந்த நேரத்தில், பிரகாசம் வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது, தாராபுரத்தில் மழையா என்று கேட்டாள். லேசான தூறல் என்றான். உக்கடத்தில் வெயில்தான், நான் போய்வந்தேன் என்றாள்.

அவன் பொய்யை இழுத்துப் பிடிக்கவில்லை. அந்த மட்டுக்கும் நல்ல ஆள்தான். கம்பெனிக்காரன் சொந்த லாரி வாங்கியதும் தாராபுரம் லோடு நின்றுபோனது என்றான். அதை வந்து சொல்ல முடியவில்லையாம். சாதத்தை வாங்கிக்கொண்டு போய் வண்டி ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து சாப்பிடுவானாம். மாத்திரைக்கு யாரிடம் கையேந்துவது என்று இருந்தபோது நரசிம்மலுவே தேடி வந்தாராம். நம் பையனைக் காப்பாற்றிக் கொடுத்த மனுஷன் ஒன்று கேட்கும்போது எப்படி முடியாது என்பது என்று கையெழுத்துப் போட்டானாம். இப்படி ஸ்பீக்கர் வைத்துக் கூவுவார் என்று முதலில் தெரியாதாம். தெரிந்த பிறகு அந்தப் பக்கம் வண்டி ஓட்டுவதையே விட்டுவிட்டானாம்.

"சனங்க இஷ்டப்பட்டுத்தான குடுக்கறாங்க" என்றான் கடைசியில். "யாருக்கு என்ன நட்டம்?"

ஜெனிதா எழுந்து காலண்டரைச் சுவரிலிருந்து பிடுங்கி அவன் மடியில் போட்டாள். வட்டத்தைக் காட்டினாள். புள்ளிகளைக் காட்டினாள். மட்டையைக் கொடுத்ததும் பேண்ட் வேண்டாம் என்றதும் ஏன் என்று சொன்னாள். பிரகாசம் காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு, படிக்கத் தெரியாதவன் மாதிரி, அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நட்டம் அவனுக்குங்க. ஒம்பது நாள்தான் பாக்கின்னு எண்ணிட்டிருக்கான். நான் பாதி ஈரலை அறுத்துக் குடுத்துப் பொழைக்க வெச்ச பையன நீங்க ஏழாயிரத்துக்கு மாசாமாசம் சாகடிச்சிருக்கறீங்க."

அவன் அழ ஆரம்பித்தான். அவளுக்கு அந்த அழுகையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இந்தக் குடும்பத்தில் அழுதது போதும் என்றிருந்தது. மாத்திரைக்கு என்ன செய்வாய் என்று அவன் கேட்டபோது, கம்பெனியில் கேட்பேன், பெரியாஸ்பத்திரியில் மனுப் போட்டுக் காத்துக் கிடப்பேன், பங்குச் சாமியாரிடம் கேட்பேன், நேரில் போய் நின்று என் வாயால் கேட்பேன் என்றாள். எவன் கையிலோ என் அழுகையைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடமாட்டேன் என்றாள். நாளைக் காலையில் பூசை முடிந்ததும் வண்டியை எடுக்க வேண்டும், ஜெஃபினும் வருவான் என்று சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை உக்கடத்தில் கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா. மீன் மார்க்கெட்டுக்கு வந்தவர்கள், பாலக்காட்டுப் பஸ்ஸுக்கு நிற்பவர்கள், குளக்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிவந்தவர்கள் என்று நெருக்கடி. வேன் அதே இடத்தில் நின்றது. ஜெஃபின் தன் போட்டோவைப் பார்த்ததும் அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். ஜெனிதா அவனை இழுத்துக்கொண்டு நேராக வேனுக்குள் ஏறி, ஆம்ப்ளிஃபயரில் சொருகியிருந்த பென் டிரைவைப் பிடுங்கினாள். அழுகை பாதியில் அறுந்தது. மஞ்சள் டீஷர்ட் ஆள் ஒருவன் ஓடிவந்தான். பிரகாசம் குறுக்கே போய் நின்றுகொண்டான்.

ஜெனிதா மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மகனோடு கீழே இறங்கினாள்.

"ஏனுங்க, கொஞ்சம் கேளுங்க. இதுவரைக்கும் இதுல அழுதது நான்தானுங்க. இவன்தானுங்க அந்தப் பையன். ரெண்டு வருஷத்துக்கு முந்தி எடுத்த வீடியோ அது. ஆபரேசன் முடிஞ்சுது, காசு சேந்துது, எல்லாம் முடிஞ்சுது. இனி யாரும் ஒரு பைசா போடாதீங்க."

இரண்டு நாளாக அடக்கி வைத்த கோபம் கண்ணில் தண்ணீராக வந்தது. கோபத்தில் வரும் கண்ணீருக்கும் துக்கத்தில் வரும் கண்ணீருக்கும் நிறம் வேறா என்ன? கூட்டம் நின்றது. ஃபிளெக்ஸைப் பார்த்தது, பையனைப் பார்த்தது, அழுகிற தாயைப் பார்த்தது. பாலத்துக்கு மேலும் கீழும் பஸ் இரைச்சல். அவள் சொன்னதில் பாதி யார் காதிலும் ஏறவில்லை. இத்தனை நாள் ஸ்பீக்கரில் மட்டும் கேட்ட தாய் இன்று நேரிலேயே பிள்ளையோடு வந்து நிற்கிறாள் என்பதுதான் அவர்களுக்குப் புரிந்தது. ஒரு மீன்காரப் பெண் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சுருக்குப்பையை அவிழ்த்து, இருபது ரூபாயை ஜெனிதாவின் கைக்குள் திணித்தாள். பின்னாலிருந்து ஒரு நூறு வந்தது. காலடியில் சில்லறை விழுந்தது.

"போடாதீங்கன்னு சொல்றேனுங்க" என்று ஜெனிதா கத்தினாள். கத்தக் கத்தக் கூட்டம் உச்சுக்கொட்டியது. பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று ஒருத்தி பக்கத்தில் சொல்வது நன்றாகக் கேட்டது. பெட்டி வைத்திருந்தவன் பிழைக்கத் தெரிந்தவன், சத்தமில்லாமல் வந்து அவள் பக்கத்தில் பெட்டியை நீட்டிக்கொண்டு நின்றான். அவளுக்கு உலகத்தின் மேலேயே ஆத்திரம் வந்தது. உண்மையைச் சொல்லக்கூட அவள் தன் குரலை இழந்துவிட்டாள். எது சொன்னாலும் அது இனி பிச்சைதான். உதறிய மடியில் பணம் வந்து விழுகிறது, விழுவதை அவளால் நிறுத்த முடியவில்லை.

கல்லூரிப் பையன் மாதிரி இருந்த ஒருவன், முதுகில் பையோடு, குனிந்து ஜெஃபினின் சட்டைப் பாக்கெட்டில் ஒரு ஐம்பது ரூபாயை மடித்து வைத்தான். கன்னத்தைத் தட்டி, "தைரியமா இரு தம்பி, சாமி இருக்காரு" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

ஜெஃபின் அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். வராந்தாவில் நின்று அழுத முகத்தை அவன் பார்த்ததில்லை. இப்போது பார்த்தான். அவளுடைய கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அம்மா வேண்டாம் என்றுதான் கத்துகிறாள். அத்தனை பேர் எதிரில், இத்தனை பெரிய சத்தத்தில், ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். வீட்டில் அவனிடம் சொன்ன அதே விஷயம். அவன் கையை உதறிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினான்.

"ஏனுங்கண்ணா, நில்லுங்க" என்று அவன் கூப்பிட்டது மைக் இல்லாமலே கேட்டது. பஸ் படியில் கால் வைக்கப் போனவனின் பையைப் பிடித்து இழுத்து ஐம்பது ரூபாயை நீட்டினான். அவன் வாங்கவில்லை, வைத்துக்கொள் என்று சிரித்தான். ஜெஃபினுக்கு முகம் சிவந்துவிட்டது. அம்மாவின் கோபம் அப்படியே அவனுக்கு வந்திருந்தது. சட்டையை நெஞ்சு வரைக்கும் தூக்கி, வயிற்றின் குறுக்கே ஓடிய வெள்ளைத் தழும்பைக் காட்டினான்.

"பாருங்க, ஆறிப்போச்சு. நான் சாகலீங்க. அம்மா சொல்றது நெசம்."

கல்லூரிப் பையன் வாங்கிக்கொண்டான். ஜெஃபின் அதோடு விடவில்லை. திரும்பி வந்து அம்மாவின் கையிலிருந்த இருபதைப் பிடுங்கி மீன்காரப் பெண்ணிடம் கொடுத்தான், நூறு கொடுத்தவர் யார் என்று கேட்டுத் தேடினான், கீழே கிடந்த சில்லறையைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு ஆள் ஆளாகப் போய், "எனக்கு ஒண்ணுமில்லீங்க, நான் சாகலீங்க" என்று சண்டைக்காரன் மாதிரி சொல்லிக்கொண்டு போனான். அப்போதுதான் கூட்டத்துக்குக் காது திறந்தது. யாரோ ஒருவர் வேன்காரனைப் பார்த்து என்னய்யா இது என்று கேட்டார். இன்னொருவர் பெட்டியைப் பிடித்தார். ஜெனிதா ஃபிளெக்ஸின் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். ஒரு பக்கம் அவள் இழுக்க, மறுபக்கம் பிரகாசம் இழுத்தான். படம் நடுவில் கிழிந்து தரையில் விழுந்தது. அதைச் சுருட்டி வண்டிக்குப் பின்னால் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். நரசிம்மலு வழக்குப் போட்டால் போடட்டும், அதற்கும் அவளே போய் நின்று பேசுவாள்.

வண்டியின் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் ஜெஃபின். பிரகாசம் இரண்டு முறை ஏதோ பேச வாயெடுத்தான். ஜெனிதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் மேல் இருந்த கோபம் அவளுக்குத் தணியவில்லை, தணிகிற மாதிரியும் தெரியவில்லை. வண்டி பீளமேட்டுப் பக்கம் திரும்பியது.

"அங்கப்பன் மாமா கடை இன்னிக்குத் தொறந்திருக்குமாம்மா?" என்றான் ஜெஃபின்.

மத்தியானம் வரைக்கும் இருக்கும் என்றாள்.

அவன் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே, இன்னும் அந்தச் சண்டைக் குரல் மாறாமல், "மூணு இஞ்சு மடிச்சுத் தைக்கச் சொல்லுங்க" என்றான்.

"நாலாவே சொல்றேன் சாமி" என்றாள் ஜெனிதா.